கில்லேதார் குதித்த கதை

அருகன் துணை

செஞ்சி
5-11-1962

சிரஞ்சீவி நீலாஞ்சனாவுக்கு மாமா மல்லிநாதன் ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அத்தை ஜெயமாலாவும் சௌக்கியம். தொண்டூரில் உன் நைனா, அம்மா சௌக்கியம். பட்டணத்து ஆஸ்டல் சாப்பாடு இந்த வருஷமாவது உடம்பில் ஒட்டுகிறதா என்று எழுது.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். சீனாக்காரன் எல்லையில் கைவைப்பான் என்று போன வருஷமே பாண்டுரங்கன் டீக்கடையில் சொன்னேன். சிரித்தார்கள். இப்போது அதே கடையில் அதே ஆட்கள் பேப்பரை வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீ மாட்டு டாக்டருக்குப் படிப்பாய் என்று, தொண்டூரில் ஒரு ஆட்டுக்குட்டியின் காலுக்கு நீ ரிப்பனால் கட்டுப்போட்ட அன்றே உன் நைனாவிடம் சொன்னேன். "இன்னா மச்சான், பொட்டப் புள்ளையப் போயி மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்ட மனுஷர், இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடமெல்லாம் மகள் கடைசி வருஷம் படிக்கிறாள் என்கிறார். உன் முதல் நோயாளி நம் வீட்டிலிருந்துதான் வருவான் என்றும் நான் சொல்லியிருந்தேன். இதோ வந்துவிட்டான்.

நோயாளி வேறு யாருமில்லை, நம் கில்லேதார். கோட்டைக் காவல் அதிகாரிக்கு நவாபு காலத்தில் அந்தப் பட்டம். வேர்க்கடலை மூட்டை குவிகிற என் மல்லாட்டை மண்டிக்குக் காவல் இருப்பவனுக்கு அதற்குக் கீழே ஒரு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ ஜூனில் புறப்பட்டபோது உன் செருப்பைக் கடித்து வழியனுப்பிய குட்டி இப்போது என் இடுப்பு உயரம். ஒரு வயது நிறையவில்லை. சலாம் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இடது கையால்தான் போடுவான், ஆனால் அப்படி ஒரு சலாமை நீ கவர்னர் மாளிகையிலும் பார்க்க முடியாது.

போன வாரம் அவனை ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து, நடுவில் பாலம் போட்டிருக்கிறதே, அங்கே ஒரு குரங்கு இவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கில்லேதார் பாலத்தைப் பார்க்கவில்லை. பிளவையே தாண்டினான். முக்கால்வாசி தாண்டினான் என்று வைத்துக்கொள். ஒரு பனை உயரம் கீழே போய், இடது தோள் பாறையில் இடிக்க விழுந்து, எழுந்து உதறிக்கொண்டு, மறுபடி குரங்கைத்தான் தேடினான். அன்றிலிருந்து இடது முன்காலை ஏந்தி நடக்கிறான். தோள்பட்டை கொஞ்சம் இளைத்திருக்கிறது. இங்கே மாட்டாஸ்பத்திரி டாக்டர் லீவு. ஒரு மருந்து எழுதி அனுப்பு. சீக்கிரம் குணமானால் எல்லைக்கு அனுப்பலாம் என்று தாசில்தாரிடமே பேச்சு நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பொழுது சாயும் முன் சாப்பிடுவதை அங்கேயும் விடாதே.

இப்படிக்கு
மாமா மல்லிநாதன்

*

சென்னை
13-11-1962

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் நீலா நமஸ்காரம். நான் நலம். ஆஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பருப்பு இருக்கிற நாளில் நலம்.

கில்லேதார் பற்றி எங்கள் அறுவைப் பேராசிரியர் அரங்கநாதன் சாரிடம் சொன்னேன். சார் முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்வார்: "நாய் வாயைத் திறந்து சொல்லாது. கூட்டி வருகிறவர் சொல்வதுதான் பாதி வைத்தியம்." அதனால் சிரமம் பார்க்காமல் நான் கேட்பதற்கெல்லாம் பதில் எழுதுங்கள்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், அக்குளுக்குள்ளே, பல நரம்புகள் சடை பின்னினதுபோல ஒன்றாகச் சேர்ந்து காலுக்கு இறங்குகின்றன. உயரத்திலிருந்து விழுந்தால் அந்தப் பின்னல் இழுபட்டு அறுந்துபோகலாம். அப்படியானால் நொண்டலும் மற்றதும் விழுந்த அன்றைக்கே ஒட்டுமொத்தமாக வந்திருக்கும். இல்லையென்றால், கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கும். இரண்டும் வேறு வேறு வியாதி. இதுதான் சார் கேட்ட முதல் கேள்வி. விழுவதற்கு முன்னால் அந்தக் காலில் ஏதாவது கோளாறு இருந்ததா?

அக்குளில் விரல் வைத்து அழுத்தினால் கத்துகிறதா? இரண்டு கண்ணும் ஒரே அளவாகத் திறக்கின்றனவா? இன்னொன்று, சிரிக்காதீர்கள். விலாவில் ஈ உட்கார்ந்தால் நாயின் தோல் தானாகச் சிலிர்க்கும். இரண்டு பக்கமும் சிலிர்க்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு உயரம் என்பதையும் சரியாக எழுதுங்கள். பனையில் பல பனை இருக்கிறது. முடிந்தால் இங்கே ஒருமுறை கொண்டுவந்து காட்டுவது நல்லது.

எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

அன்புடன்
நீலாஞ்சனா

*

அருகன் துணை

செஞ்சி
21-11-1962

சிரஞ்சீவி நீலாவுக்கு மாமா ஆசி. க்ஷேமம். உன் அத்தைக்கு மட்டும் இரண்டு நாள் ஜலதோஷம். சுக்குக் கஷாயத்தில் போய்விட்டது.

உன் கடிதத்தை மண்டியில் உரக்கப் படித்தேன். எடை போட வந்த ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். பாண்டுரங்கன் மட்டும், "ஈ ஒக்காந்தா சிலுக்குதான்னு பாக்கறதுக்கா நயினாரே அஞ்சு வருசம் படிக்க வெக்கறாங்க?" என்றான். அவனுக்கு நரம்பு என்றால் வீணை நரம்புதான் தெரியும்.

உத்தரவுப்படி எல்லாம் செய்தேன். டம்ளரைக் கவிழ்த்து ஒரு ஈயைப் பிடித்து, ஈக்குச் சேதமில்லாமல்தான், வலது விலாவில் விட்டேன். தோல் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடித்தது. இடது விலாவில் விட்டேன். அசையவில்லை. ஈ நடந்து முதுகு வரை போயிற்று. கில்லேதார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டாளத்துக் கட்டுப்பாடு என்று பாண்டுரங்கனிடம் சொன்னேன். அக்குளில் கைவைத்தால் கத்துகிறான், அது உண்மை. நான் வைக்கவில்லை, அத்தைதான் வைத்தாள். கண் இரண்டும் பாட்டரி லைட்டு மாதிரி இருக்கிறது.

உயரம் கேட்டாய். இரண்டு பனை என்றே எழுதிக்கொள். போன கடிதத்தில் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் குரங்கு சும்மா வரவில்லை. அதன் பின்னால் ஒரு சிறுத்தை வந்தது. கில்லேதார் பாய்ந்தது சிறுத்தைமேல். குரங்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

எல்லாம் அன்றைக்கே வந்ததா என்று உன் சார் கேட்டதற்குப் பதில்: அன்றைக்கே. நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் நொண்டல் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. மான் மாதிரி இருந்தவன்.

பட்டணத்துக்குக் கொண்டுவருவதெல்லாம் இப்போது முடியாது. மண்டியில் மூட்டை வந்து குவிகிற சமயம். விழுந்த அடிதானே, ஆறிப்போகும்.

அத்தை இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். உன்னை விசாரித்ததாகத்தான் அர்த்தம்.

மழையில் நனையாதே.

மாமா மல்லிநாதன்

*

சென்னை
30-11-1962

அன்புள்ள மாமாவுக்கு நீலா நமஸ்காரம். நலம். அத்தைக்கு ஜலதோஷம் முழுதும் விட்டதா?

முதல் கடிதத்தில் குரங்கு, இரண்டாவதில் சிறுத்தை. அடுத்ததில் சிங்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுத்தையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாரிடம் படித்துக் காட்டினேன்.

இடது விலாவில் சிலிர்ப்பு இல்லை என்பதும் அக்குளில் வலி என்பதும் நரம்புப் பின்னலில்தான் கோளாறு என்று காட்டுகிறதாம். சார் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "விழுந்தது நிச்சயம்தானே அம்மா?" என்று கேட்டார். எங்கள் மாமா கண்ணால் பார்த்திருக்கிறார் என்றேன். "அன்றைக்கே வந்தது என்கிறாரா?" என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் நரம்பு இழுபட்டதுதான், இரண்டு மாதம் காத்திருந்து பார்க்க வேண்டும், தானாகத் தேறினால் உண்டு என்றார். வேறு ஒன்றைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தது. நரம்பிலேயே கட்டி வளருகிற வியாதி ஒன்று உண்டு. அது கிழட்டு நாய்களுக்கு வருவது, ஒரு வயதுக் குட்டிக்கு வருவது மிக அபூர்வம், அதுவும் விழுந்த கதை இருக்கும்போது அதை நினைக்க வேண்டியதில்லை என்று அவரே தள்ளிவிட்டார்.

காலைத் தரையில் இழுத்து நடந்தால் புறங்கால் புண்ணாகும். அத்தையிடம் சொல்லிக் கெட்டித் துணியில் ஒரு உறை தைத்துப் போடுங்கள். காலையும் மாலையும் காலை மெல்ல மடக்கி நீட்டுங்கள்.

முக்கியமான ஒன்று, மாமா. இழுபட்ட நரம்பு அப்படியே இருக்கும், அல்லது தேறும். நாளாக ஆக மோசமாகாது. புதிதாக எது வந்தாலும், கண் சுருங்கினாலும், கால் இன்னும் இளைத்தாலும், உடனே எழுதுங்கள்.

நீலா

*

அருகன் துணை

செஞ்சி
24-12-1962

சிரஞ்சீவி நீலாவுக்கு மாமா ஆசி. இங்கு அனைவரும் க்ஷேமம். பனி அதிகம். நீ கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.

கில்லேதார் மகா ஜோர். அத்தை பழைய ஜமுக்காளத்தைக் கிழித்து உறை தைத்துப் போட்டிருக்கிறாள். ஒற்றைப் பூட்ஸ் போட்ட துரை மாதிரி இருக்கிறான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் புகழ்தான். சிறுத்தை விஷயத்தைக் கேட்க மண்டகப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். சரக்குப் போட வந்தவர்கள்தான், ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

இப்போது மண்டிக்கு வருவதில்லை. வீட்டிலேயே ஓய்வு கொடுத்திருக்கிறேன். அத்தை மடியில் தலையை வைத்துக்கொண்டுதான் தயிர்சோறு சாப்பிடுகிறான். செல்லம் அதிகமாகிவிட்டது. புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டிருக்கிறான், கேள். இடது கண்ணைப் பாதி மூடி, கண்ணடிக்கிறான். யாரைப் பார்த்தாலும் கண்ணடிக்கிறான். தயிர்க்காரி காத்தாயி வந்து தயிர் வைக்கும்போது, "இன்னா நயினாரே, ஒன் நாயி என்னப் பாத்து ஒரு தினுசா கண்ணச் சிமிட்டுது?" என்றாள். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

நீ எழுதினபடி காலை மடக்கி நீட்டுகிறோம். தோளில் சதை கொஞ்சம் வற்றியிருப்பது பனிக்காலத்து வாட்டம். தை பிறந்தால் சரியாகிவிடும். நான் சொன்னது எது நடக்காமல் போயிற்று?

உனக்குப் பரீட்சை என்று உன் நைனா சொன்னார். பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே.

மாமா மல்லிநாதன்

*

செஞ்சி
7-1-1963

நீலாவுக்கு அத்தை ஜெயமாலா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். நான் சுகம். உன் மாமா சரக்குப் பார்க்க சீயமங்கலம் பக்கம் போயிருக்கிறார். வர இரண்டு நாளாகும்.

எனக்கு உங்கள் படிப்பு தெரியாது. நீ கேட்டிருந்த கேள்வி ஒன்று மனசில் கிடக்கிறது. நீ பட்டணம் போன அடுத்த மாசம், ஆடியில், கில்லேதார் மூட்டைமேல் ஏறிப் படுத்திருந்தது. நெஞ்சடியில் கைகொடுத்து இறக்கினேன். வீலென்று கத்தியது. அன்றிலிருந்தே அந்தக் காலைச் சற்று ஏந்தித்தான் நடந்தது. ஐப்பசியில் தோள் குழிவிழுந்தது. மார்கழியில் கண் சுருங்கியது. நேற்றிலிருந்து அந்தக் காலை ஊன்றுவதே இல்லை.

கோட்டை விஷயம் எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இருக்கிறவள்.

பதில் எழுதும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. போகிப் பண்டிகைக்கு உனக்குப் பிடித்த அரிசிமாவு ஓட்டடை சுடுவேன். நீ இல்லாமல் யார் சாப்பிடுவது.

ஜெயமாலா

*

சென்னை
10-1-1963

மாமாவுக்கு நமஸ்காரம். பரீட்சை முடிந்து இன்றுதான் உங்கள் டிசம்பர் கடிதத்தைச் சரியாகப் படித்தேன். அது கண்ணடிப்பது வித்தை இல்லை, மாமா. பொங்கல் முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் கில்லேதாரைக் கொண்டுவாருங்கள். மண்டி ஓடிப்போகாது. அத்தைக்கு என் அன்பு.

நீலா

*

சென்னை
24-1-1963

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் நீலா நமஸ்காரம். ஊர் போய்ச் சேர்ந்த விவரம் உங்களிடமிருந்து இன்னும் வரவில்லை. மண்டியில் வேலை என்று அன்றைக்கே பஸ் ஏறிவிட்டீர்கள். வார்டு கதவுவரை வந்து திரும்பிப் பார்க்காமல் போனதை நான் பார்த்தேன். கில்லேதாரும் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை மயக்க மருந்து கொடுத்தார்கள். தசை தளர்ந்ததும் சார் அக்குளில் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கொட்டைப் பாக்கு அளவில் ஒன்று, கெட்டியாக இருந்தது. திறந்தோம். பின்னல் நரம்பில் ஒன்று சாதாரணமாகத் தையல் நூல் கனம் இருக்க வேண்டியது, கயிறு மாதிரி தடித்திருந்தது. அது இழுபட்ட நரம்பு இல்லை. நரம்பிலேயே வளர்ந்த கட்டி. சார் தள்ளிவிட்ட அந்த அபூர்வ வியாதிதான்.

கட்டி காலோடு மட்டும் நின்றிருந்தால் காலை எடுத்துவிடலாம். மூன்று காலில் நாய்கள் நன்றாக ஓடும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போய் முதுகுத்தண்டின் எலும்புக்குள் நுழைந்துவிட்டது. அதற்குமேல் கத்தி போகாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு தைத்துவிட்டோம். இனிமேல் பின்கால்களும் விழும். வலி அதிகமாகும்.

சார் ஒரு ஊசி பற்றிச் சொன்னார். தூக்கத்திலேயே முடிந்துவிடும். எறும்பு மிதிபடும் என்று விளக்கு வைத்தபின் சமைக்காத வீட்டுக்கு இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் டாக்டராகப் படிக்கிறவள் இதை எழுதத்தான் வேண்டும். முடிவு உங்களுடையது.

சார் இன்னொன்றும் சொன்னார். அதை நான் எழுதவில்லை.

இன்று கொஞ்சம் மோர் குடித்தான். என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். இப்போது கடிப்பதில்லை.

நீலா

*

அருகன் துணை

செஞ்சி
28-1-1963

சிரஞ்சீவி நீலாவுக்கு ஆசி. வீட்டில் க்ஷேமம்.

கட்டியாகத்தான் இருக்கும் என்று எனக்கு முன்பே ஒரு யோசனை இருந்தது. பாண்டுரங்கனிடம்கூடச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி நயினாரே" என்றான். வழக்கமாக அவன் அப்படிச் சொல்லுகிற ஆள் இல்லை.

ஊசி வேண்டாம். அத்தையிடம் படித்துக் காட்டினேன். "வந்தது வாழற வரைக்கும் வாழட்டும். நம்ம கையால வாணாம்" என்றாள். வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன். வலிக்கு மாத்திரை ஏதாவது கொடுக்கச் சொல். உன் சாருக்கு நம் வீட்டு வெல்லம் கொஞ்சம் கொண்டுவருகிறேன்.

நீ சரியாகச் சாப்பிடு.

மாமா

*

அருகன் துணை

செஞ்சி
14-3-1963

சிரஞ்சீவி நீலாவுக்கு மாமா ஆசி. நானும் அத்தையும் இருக்கிறோம்.

கில்லேதார் போய்விட்டான். நேற்று மத்தியானம்.

மாசி பிறந்ததும் பின்கால் இரண்டும் விழுந்தன. அத்தை சாக்கை நாலாக மடித்துப் போட்டு, வெயில் நகர நகர அவனையும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். நீ கொடுத்த மாத்திரையைத் தயிர்சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை உமிழ்ந்துவிடுவான். கடைசி வாரம் சோற்றையும் தொடவில்லை. பொழுது சாய்வதற்கு முன் அத்தை தட்டை வைப்பாள், இருட்டியதும் எடுப்பாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்பாள்.

சாகிற நாயின் காதில் ஐந்து வணக்க மந்திரத்தை ஓதினால் அது தேவனாகப் போய்ப் பிறக்கும் என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள் இல்லையா. நேற்று மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அத்தை கீழே படுத்து, அவன் காதில் வாயை வைத்து, ஓதிக்கொண்டே இருந்தாள். வலது காதில்தான். இடது பக்கம் அவனுக்குத் தொடுவது தெரியாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். அவன் என்னைத்தான் பார்த்தான். அந்தச் சுருங்கின கண்ணால்.

மண்டிக்குப் பின்னால் புதைத்தோம். ஊரே திரண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு கடைகளெல்லாம் அடைத்துவிட்டார்கள்.

அப்படி இல்லை. பாண்டுரங்கன் வந்தான். காத்தாயி வந்தாள். அவ்வளவுதான். பாண்டுரங்கன் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ ஒக்காரு நயினாரே, நா தோண்டறேன். எனக்குந்தான சலாம் போட்டுகினு இருந்தான்" என்றான்.

உறையைக் கழற்றவில்லை. அதோடு போகட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

மாமா

*

சென்னை
28-3-1963

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் நீலா நமஸ்காரம். உங்கள் கடிதம் வந்து பல நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. அத்தை சாப்பிடுகிறாளா?

துணுக்கின் முடிவு வந்துவிட்டது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் தோன்றிய கட்டி. ஒரு வயது நாயில் இதை சார் தம் சர்வீஸில் பார்த்ததில்லையாம். அதனால் மற்ற டாக்டர்களுக்குப் பயன்படும் என்று ஒரு பத்திரிகைக்கு எழுதப்போகிறார். நாயின் பெயர் வராது. வரலாறு மட்டும் வரும். அதில் முதல் வரி இப்படி இருக்கிறது: "உயரத்திலிருந்து விழுந்தது, அன்றே நொண்டல் தொடங்கியது." எக்ஸ்ரே படத்தில் தோளிலோ விலாவிலோ பழைய அடிபட்ட அடையாளம் ஒன்றுமில்லை. "எதற்கும் உன் மாமாவை ஒருமுறை கேட்டுவிடு" என்றார். கேட்டுவிட்டேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈ நடந்துபோனது, அக்குள் வலி, தோள் குழி, எல்லாம் நவம்பரிலேயே என் கையில் இருந்தன. சாருக்குச் சந்தேகம் வந்தபோது, "நிச்சயம்" என்று சொன்னது நான். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று அப்போதே பிடிவாதம் பிடிக்காதவளும் நான். வீட்டு நாயையே பார்க்கத் தெரியாதவளிடம் நாளைக்கு ஊரார் எதை நம்பிக் கொண்டுவருவார்கள்? மே மாதக் கடைசிப் பரீட்சையை இந்த வருஷம் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தொண்டூருக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது. நைனாவுக்கு இன்னும் எழுதவில்லை.

நீலா

*

அருகன் துணை

செஞ்சி
19-4-1963

சிரஞ்சீவி நீலாவுக்கு மாமா மல்லிநாதன் ஆசி. அத்தை சாப்பிடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன். உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

பரீட்சை எழுது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பாக்கியைப் படித்துவிட்டு நீ என்னிடம் பேசாமல் போனாலும் போகலாம்.

உன் சார் இன்னொன்றும் சொன்னார், எழுதவில்லை என்று எழுதியிருந்தாயே. எனக்கு அது என்னவென்று தெரியும். நவம்பரில் வந்திருந்தால் காலோடு போயிருக்கும் என்றுதானே சொன்னார்? மூன்று காலோடு இப்போது மண்டியில் படுத்திருப்பான். அத்தைக்கும் அது தெரியும். இவ்வளவு நாளில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

போன ஐப்பசியில் யுத்த நிதிக்குப் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள். தாசில்தார் வந்தார். எங்கள் கில்லேதார் உங்களுக்குச் சலாம் போடுவான் என்று மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். சலாம் என்றேன். உட்கார்ந்தான். இடது காலைத் தூக்கப் பார்த்தான், ஒரு சாண்கூட எழவில்லை, தொப்பென்று விழுந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி தூக்கப் பார்த்தான். நான் சொல்லச் சொல்ல அவன் முயற்சி பண்ணிக்கொண்டே இருந்தான், நீலா. கூட்டம் சிரித்தது. "இன்னா நயினாரே, கில்லேதாரு சீனாக்காரன் பக்கம் போய்ட்டாரா?" என்றான் பாண்டுரங்கன். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ராஜகிரிப் பிளவத் தாண்டிக் குதிச்சவன்டா இவன், தோள்ல அடி, தெரியுமா ஒனக்கு?" என்றேன். வாய்க்கு வந்தது, வந்துவிட்டது. சிரிப்பு நின்றது. தாசில்தார் குனிந்து அவன் தலையைத் தடவினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரம்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டு உனக்கு வேறொன்று எழுத என்னவோபோல் இருந்தது. நீ கேட்கக் கேட்க, பனை இரண்டாயிற்று, சிறுத்தை வந்தது. அதெல்லாம் நீ நம்பவில்லை என்று தெரியும். அடியிலே இருந்த ஒன்றை மட்டும் நம்பினாய். மாமா எதைக் கூட்டினாலும், ஒன்றுமில்லாததிலிருந்து கூட்டமாட்டார் என்று நினைத்தாய். உன் படிப்பில் குறையில்லை. உன் சார் சொன்ன அந்தப் பாதி வைத்தியம் என் கையில் இருந்தது.

ராஜகிரிக்கு அவனை நான் ஒருமுறை அழைத்துப் போனது நிஜம். ஆடி மாசம். காலை வெயில். கோட்டைப் படி தொடங்குகிற இடத்தில் முன்காலை ஒரு படிமேல் வைத்தான். எடுத்துவிட்டான். உட்கார்ந்து என்னைப் பார்த்தான். இழுத்தேன், எழுந்திருக்கவில்லை. கில்லேதார் என்று பெயர் வைத்துவிட்டு, கோட்டையைப் பார்த்துப் பயப்படுகிற நாயை வைத்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் திரும்பி அழைத்து வந்துவிட்டேன். அத்தையிடம் வெயில் அதிகம் என்று சொன்னேன்.

உன் சாரிடம் அந்த முதல் வரியை அடிக்கச் சொல். அடித்த இடத்தில் நான் சொல்வதை அவர் பாஷையில் எழுதிக்கொள்ளட்டும்: நாய் எங்கிருந்தும் குதிக்கவில்லை, எங்கிருந்தும் விழவில்லை. ஆடி மாசத்தில் ஒரு படி ஏற முடியாமல் உட்கார்ந்தது. கூட்டிப்போனவன் அதைப் பயம் என்று நினைத்தான்.

மாமா
மல்லிநாதன்